குருவி தலையில் பனங்காயா? பெரிய காரும் சின்ன டர்போ என்ஜினும்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறீர்கள். 2008-இல் வாங்கிய பென்ஸ் இ280 இன்னும் ஓடுகிறது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின். இப்போது புது இ200 பார்க்கப் போனால், பழையதைவிட நீளமான, கனமான வண்டிக்குள் 2 லிட்டர் நாலு சிலிண்டர்தான் உட்கார்ந்திருக்கிறது. விற்பவர் "டர்போ இருக்கிறது சார், ஒன்றும் குறையாது" என்கிறார். உங்கள் ஆலையில் முப்பது வருடம் லாரி ஓட்டியவரோ "குருவி தலையில் பனங்காய் வைத்த கதை, அஞ்சு வருஷத்தில் என்ஜின் போய்விடும்" என்கிறார். இந்தத் தடவையும் பதினைந்து வருடம் வைத்திருக்கும் எண்ணத்தில் இருக்கிறீர்கள். யாரை நம்புவது?

இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கட்டியிருக்கின்றன. இழுக்குமா, பழைய சுகம் இருக்குமா, தாங்குமா. முதல் கேள்விக்கு சந்தேகமே இல்லாமல் ஆமாம். இரண்டாவதற்கு, கொஞ்சம் குறையும், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மூன்றாவதற்கு வண்டியைப் பார்த்து மட்டும் பதில் சொல்ல முடியாது, உங்களைப் பார்த்தும் சொல்ல வேண்டும். நீங்கள் உண்மையில் கேட்டதும் இந்த மூன்றாவதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் டிப்ளமோ முடித்து சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் கும்பகோணத்தில் சொந்த ஒர்க்‌ஷாப், அது பதினான்கு வருடமாக நடக்கிறது. என்னிடம் வருபவை பெரும்பாலும் வாரண்டி முடிந்த வண்டிகள். நோயாளிகளை மட்டும் பார்க்கும் வைத்தியர் மாதிரி என் நிலைமை. நன்றாக ஓடுகிற வண்டி என் வாசலுக்கு வராது. அதனால் நூற்றுக்கு இத்தனை பழுதாகும் என்று விகிதக் கணக்கு சொல்ல என்னால் ஆகாது. எது, ஏன் பழுதாகிறது என்று சொல்ல முடியும்.

முதலில் இழுவை. நீங்கள் நெல் அளந்து பழகியவர் என்பதால் சுலபமாகச் சொல்லிவிடலாம். மரக்காலில் தலைதட்டி அளப்பது ஒரு அளவு. அதே மரக்காலைக் குலுக்கி, அமுக்கி, கூம்பாகக் குவித்து அளந்தால் வேறு அளவு. பாத்திரம் ஒன்றுதான், உள்ளே போகும் நெல்தான் கூடுகிறது. என்ஜினின் சிசி என்பது பாத்திரத்தின் அளவு. உங்கள் பழைய என்ஜின் வெளிக்காற்றைத் தானாக உறிஞ்சி எடுக்கும். அதனால் தலைதட்டிய அளவுக்கு மேல் போகாது. டர்போ, வீணாக வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் இழுவை கூடும். சூட்சுமம் இவ்வளவுதான்.

எண்ணில் பார்த்துவிடுவோம். உங்கள் இ280 என்ஜின் 2,996 சிசி. 231 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலம். அந்த டார்க் முழுதாக வர 2,500 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 2,500 சுற்று வேண்டும். இப்போதைய இ200 என்ஜின் 1,999 சிசி; 204 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர். அது 1,600-லேயே வந்துவிடும், 4,000 வரை அப்படியே நிற்கும். கூடவே 48 வோல்ட் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் என்று ஒரு மின்மோட்டார், கிளம்பும்போது 23 குதிரைத்திறன் வரை கை கொடுக்கும். உச்ச சக்தியில் பழையது ஒரு படி மேல் என்பதை மறுக்கவில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்து 6,000 வரை ஏற்றி ஓட்டினால் அது தெரியும். ஆனால் நம் பக்கத்து ரோட்டில் யார் 6,000-க்கு ஏற்றுகிறோம்? நீடாமங்கலம் ரோட்டில் முன்னால் ஒரு டிராக்டர் வைக்கோல் பாரத்தோடு போகிறது, எதிரே பஸ் வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. அந்த நேரத்தில் வேண்டியது 1,600-இல் கிடைக்கும் இழுவை. அதில் புது வண்டிதான் கெட்டி. பழைய வண்டி கியரை இறக்கி, ஒரு கணம் யோசித்து, அப்புறம் பாயும்.

மலைக்குப் போனால் வித்தியாசம் இன்னும் தெரியும். டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் சக்தியை இழக்கும், மேலே காற்று மெல்லிசு என்பதால். கொடைக்கானல் 2,100 மீட்டர். டர்போ அந்த மெல்லிய காற்றையும் அமுக்கிக் கொடுத்து, இழப்பைப் பெரும்பகுதி சரிக்கட்டிவிடும்.

லாரி ஓட்டியவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் அனுபவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர் முப்பது வருடத்தின் பிற்பாதியில் ஓட்டிய லாரிகள் அநேகமாக எல்லாமே டர்போதான் என்பதை அவரிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஆலைக்கு நெல் கொண்டுவரும் லாரி, வயலில் அறுக்கும் பெரிய அறுவடை மெஷின், கும்பகோணத்திலிருந்து ராத்திரி சென்னைக்குப் போகும் பஸ், எல்லாம் டர்போ. ஆல்ஃபிரட் பூசி என்ற சுவிஸ் பொறியாளர் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1905-இல். கப்பல் என்ஜினில் வாழ்ந்து, லாரிக்கு வந்து, கடைசியாகத்தான் காருக்கு வந்தது. டர்போ என்றாலே ஆயுள் குறைவு என்பது உண்மையாக இருந்தால் சரக்குப் போக்குவரத்தே நின்று போயிருக்கும்.

ஆனாலும் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. லாரி என்ஜின் கனத்த வார்ப்பு. அதன் எடைக்கும் சுற்றும் வேகத்துக்கும் அது செய்யும் வேலை நிதானமானது. 2 லிட்டர் பெட்ரோல் என்ஜினில் 200 குதிரைத்திறன் என்றால் லிட்டருக்கு நூறு. உங்கள் பழைய என்ஜினில் லிட்டருக்கு 77. அதே அலுமினியம், அதே பிஸ்டன் ரிங், ஆனால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அழுத்தமும் சூடும் கூடுதல். வயல் கரையில் கிடக்குமே பழைய 5 குதிரை டீசல் பம்ப் என்ஜின், 1,500 ஆர்.பி.எம்.மில் டக் டக் என்று நாள் முழுக்க ஓடும். ஆயில் கறுத்து தார் மாதிரி ஆனாலும் ஓடும், ஏர் ஃபில்டர் இருக்கிறதா என்று கூட யாரும் பார்க்க மாட்டார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு என்ஜின் என்றால் எதையும் பொறுத்துக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு. உங்கள் ஆறு சிலிண்டர் வி6-உம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் ரகம். இன்றைய சின்ன டர்போ பொறுத்துக்கொள்ளாது. கணக்காக வேலை செய்யும், கணக்காகக் கவனிப்பும் கேட்கும்.

கம்பெனிகள் ஏன் இப்படி மாறின என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு மைலேஜ் எதிர்பார்ப்பு எவ்வளவு வைக்கலாம் என்பது இதில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு 2015-க்குள் கிலோமீட்டருக்கு 130 கிராம், அப்புறம் 2021-க்குள் 95 கிராம் என்று சட்டம் இறுகியது. சீனாவில் என்ஜின் அளவை வைத்தே வரி: ஒன்றரைக்கு மேல் 2 லிட்டர் வரை 5 சதவீதம், 3-க்கு மேல் 25, 4 லிட்டருக்கு மேல் 40. உலகத்திலேயே அதிகம் கார் வாங்கும் நாட்டில் இப்படி ஒரு கோடு போட்டால், எல்லா வண்டியும் 1,9xx சிசியில் வந்து நிற்பதில் ஆச்சரியம் என்ன? நம் நாட்டிலேயே 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்யத் தடை போட்டது. அடுத்த ஆகஸ்டில் ஒரு சதவீத வரியோடு விலக்கியது. அந்த எட்டு மாதத்தில் மஹிந்திரா 1.99 லிட்டர் என்ஜின் ஒன்றையே கொண்டுவந்துவிட்டது. வால்வோ ஒரு படி மேலே போய், எவ்வளவு பெரிய வண்டியானாலும் 2 லிட்டர் நாலு சிலிண்டருக்கு மேல் வேண்டாம் என்று முடிவெடுத்து ஏழு பேர் உட்காரும் எக்ஸ்சி90-யையும் அதிலேயே ஓட்டியது. பென்ஸ் எஸ் கிளாஸில் கூட 2011-இல் எஸ்250 சிடிஐ என்று 2.1 லிட்டர் நாலு சிலிண்டர் டீசல் வந்தது.

அப்போதைய ஐரோப்பிய மைலேஜ் சோதனை இருபது நிமிடம், பதினோரு கிலோமீட்டர், ரொம்ப மென்மையான ஓட்டம். மெதுவாக ஓட்டும்போது சின்ன என்ஜினுக்கு உண்மையாகவே லாபம் உண்டு. பெரிய பெட்ரோல் என்ஜின் கொஞ்சமாக வேலை செய்யும்போது காற்று வரும் வழியை முக்கால்வாசி மூடிக்கொண்டு ஓடும். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சு இழுப்பது மாதிரி. அந்த இழுப்பிலேயே பெட்ரோல் வீணாகும். சின்ன என்ஜின் வாயை நன்றாகத் திறந்து வேலை செய்யும். ஆனால் அழுத்தி ஓட்டினால் கதை மாறும். டர்போ சூடாகாமல் இருக்க கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலை விடும். எரிக்க அல்ல, குளிர்விக்க. அதனால்தான் ஊருக்குள்ளும் எண்பது தொண்ணூறு வேகத்திலும் நல்ல மைலேஜ் தரும் வண்டி, விக்கிரவாண்டி ரோட்டில் 130-இல் போனால் பழைய வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விளம்பரத்தில் உள்ள எண்ணை வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள். நீங்கள் தனியாக ஓட்டும் ஆள் இல்லை, டிரைவர் ஓட்டுகிறார் என்றால் அவர் கால் எப்படி என்பதைப் பொறுத்தது.

அடுத்தது சுகம். இதில் விற்பவர் சொல்வது சரியில்லை. நாலு சிலிண்டரில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் அரைச் சுற்றுக்கு ஒரு தடவை வெடிப்பு. ஆறில் மூன்றில் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. நாலு பேர் உலக்கை போடுவதற்கும் ஆறு பேர் மாற்றி மாற்றிப் போடுவதற்கும் சத்தம் எப்படி வேறுபடுமோ அப்படி. நாலு சிலிண்டரில் பிஸ்டன்கள் ஏறி இறங்குவதில் இயல்பாகவே ஒரு அதிர்வு உண்டு. அதை அடக்க கிராங்கைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட்கள் வைக்கிறார்கள். நன்றாகவே அடக்குகிறார்கள், ஆனால் சத்தத்தின் குணம் மாறாது. சிக்னலில் நின்று கிளம்பும்போது 48 வோல்ட் மோட்டார் மெத்தென்று தள்ளுகிறது, அது பழையதைவிட மேல். ஓவர்டேக் செய்ய முழுசாக மிதித்தால் மட்டும் ஒரு கரகரப்பு உள்ளே வரும். பதினேழு வருடம் வி6 கேட்ட காதுக்கு அது தெரியாமல் இருக்காது. இது சின்ன விஷயமில்லை. பென்ஸின் வேக ரகமான ஏஎம்ஜி சி63-இல் எட்டு சிலிண்டர் வி8-ஐ எடுத்துவிட்டு 476 குதிரைத்திறன் உள்ள 2 லிட்டரும் மின்மோட்டாருமாகச் சேர்த்துப் போட்டபோது, கணக்கில் முந்தையதைவிட வேகம் கூடியது, ஆனால் அந்த வண்டியை விரும்பி வாங்கும் கூட்டம் ஒட்டவில்லை. பென்ஸே 2017-இல் வரிசை ஆறு சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்றைக்கு இ450-இல் இருப்பது அதுதான். மாஸ்டா 2022-இல் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசலைப் போட்டு, அளவாகப் பெரிதாக்கினாலும் எரிபொருள் மிச்சமாகும் என்று காட்டியது. சின்னதாக்கிக்கொண்டே போவதுதான் வழி என்பது இப்போது அவர்களுக்குள்ளேயே முடிந்துபோன வாதம் இல்லை.

இனி தாங்குமா என்பது. போன தை மாதம் உங்களைப் போலவே ஆலை வைத்திருக்கும் ஒருவருடைய வண்டி என்னிடம் வந்தது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், எழுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டியது. கம்பெனி பெயர் வேண்டாம். பிக்கப் இல்லை, மேட்டில் ஒரு விசில் சத்தம், பின்னால் லேசாக நீலப் புகை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் வேலை பார்க்கும் பையன் கையை எடுத்துவிட்டான். மடிப்பு மடிப்பாக உமித்தூசும் தவிடும் அடைந்து, மழை ஈரத்தில் கட்டியாகி, ஒரு ஓரத்தில் ஃபில்டரே கிழிந்திருந்தது. வண்டியை ஆலை முற்றத்தில், தூற்றும் பக்கத்திலேயே நிறுத்துவார்களாம். டர்போவின் காற்றுப் பக்கத்து ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்ப்ரசர் சக்கரத்தின் இறக்கை நுனிகள் கத்தியால் கொத்தின மாதிரி பொடிப்பொடியாக உடைந்திருந்தன. நுனியை விரலால் பிடித்து அசைத்தால் தண்டு ஆடியது. நல்ல டர்போவில் பக்கவாட்டில் மயிரிழை அசைவுதான் இருக்கும். டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கவிழ்த்ததும் ஆயில் ஒழுகியது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. அதன் ஒரு முனை 900 டிகிரி புகையில் இருக்கிறது. அந்த இடத்துக்குத் தூசு போனால் என்ன ஆகும்? என்ஜின் சின்னது என்பதால் அந்த வண்டி கெடவில்லை. ஐந்நூறு ரூபாய்க்கும் ரெண்டாயிரத்துக்கும் நடுவில் கிடைக்கும் ஒரு ஃபில்டரை மூன்று வருடம் யாரும் திறந்து பார்க்காததால் கெட்டது. அதே தூசு உங்கள் வி6-க்குப் போயிருந்தால் ரிங் தேய்ந்து மெதுவாகச் சக்தி குறைந்திருக்கும், நாலைந்து வருடம் தள்ளியிருக்கும்.

இதுதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம். கம்பெனிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் இடைவெளி ஐரோப்பிய ரோட்டுக்கும் நகர ஓட்டத்துக்கும் போட்டது. நம் டெல்டாவில் அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காய்கிறது, வைக்கோல் கிடக்கிறது, அதன் மேல்தான் ஓட்டுகிறோம். ஏர் ஃபில்டரை ஐயாயிரத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள், தையில் அறுவடை முடிந்ததும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். காற்றடித்து ஊதி மறுபடி போடும் பழக்கம் வேண்டாம். ஊதும்போது காகிதத்தில் விழும் நுண்ணிய ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

ஆயில் அதைவிட முக்கியம். புத்தகத்தில் 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று இருந்தால், 7,500-க்கு மாற்றுங்கள். நீங்கள் ஆலைக்கும் பேங்குக்கும் வீட்டுக்குமாக மூன்று நாலு கிலோமீட்டர் ஓட்டம் ஓட்டுபவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓட்டத்தில் ஆயில் சூடேறுவதே இல்லை. சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜினில், குளிர்ந்த சுவரில் பட்ட பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போகும். வாரத்தில் ஒரு நாளாவது தஞ்சாவூர் வரை ஒரே ஓட்டமாகப் போய் வந்தால் அது ஆவியாகி வெளியேறும். கோயிலுக்குப் போகிற மாதிரி ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிலின் எண்ணிலும் கை வைக்காதீர்கள். கையேட்டில் மெல்லிசான ஆயில் போட்டிருந்தால் அதே தரக்குறியீட்டோடு அதையே ஊற்றுங்கள். "நம்ம ஊர் சூட்டுக்குக் கெட்டியாத்தான் சார் ஊத்தணும்" என்று 20டபிள்யூ40 ஊற்றும் கைகள் நம் பக்கத்தில் நிறைய. அந்த என்ஜினின் ஆயில் வழிகள் அதற்காகத் துளைக்கப்பட்டவை அல்ல.

தரக்குறியீடு ஏன் என்றால், சின்ன டர்போ பெட்ரோல் என்ஜின்களுக்கு என்றே ஒரு நோய் இருந்தது. குறைந்த வேகத்தில், பெரிய பாரத்தில், பொறி வரும் முன்பே உள்ளே தானாகத் தீப்பிடிக்கும். ஒரு தடவை பலமாக நடந்தால் பிஸ்டனே உடையும். ஆயிலில் கலக்கும் கால்சியம் வகை மருந்து இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ மூலம் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி என்று புதுத் தரம் கொண்டுவந்தார்கள். டப்பாவில் எஸ்பி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், மெக்கானிக் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நெடுந்தூரம் வேகமாக வந்து வாசலில் நிறுத்திய உடனே என்ஜினை அணைக்கக் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வது இன்றைக்கும் சரி. புது வண்டிகளில் அணைத்த பிறகும் கூலன்ட்டை ஓட்ட மின் பம்ப் இருப்பதால் முன்பு போல் உயிர் போகும் விஷயம் இல்லை. ஆனாலும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகிப் படியாது. ஊருக்குள் நுழைந்தால் எப்படியும் மெதுவாகத்தானே வர முடிகிறது, அது உங்களுக்குத் தானாகவே நடந்துவிடும்.

அப்புறம் மழை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் தேங்கிய நீருக்குள் எந்தக் காரையும் விடக் கூடாது. காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அது வி6 ஆனாலும் டர்போ ஆனாலும் ஒன்றுதான். டர்போ வண்டியில் கூடுதலாக, இன்டர்கூலரும் அதன் ஹோஸ்களும் கீழே இருக்கும் வண்டிகள் அதிகம். சேறு அடைந்தால், ஒரு கிளிப் தளர்ந்தால், அமுக்கிய காற்று கசிந்து பிக்கப் விழும். மழைக்காலம் முடிந்ததும் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்க்கச் சொல்லுங்கள்.

நேரடி பீய்ச்சலில் இன்னொரு சிக்கல்: உள்ளே வரும் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவாது, கரி படியும். உங்கள் பழைய என்ஜினில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே விழுவதால் இந்தத் தொல்லை இல்லை. லட்சம் கிலோமீட்டருக்குள் ஒரு தடவை, வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்ய வேண்டி வரலாம். அது பழுது அல்ல, பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவை எனக்கு உறுதியானவை. இனி சொல்வதில் அந்த உறுதி இல்லை. பதினைந்து வருடம் என்று கேட்கிறீர்கள். 48 வோல்ட் பேட்டரியும் ஜெனரேட்டரும் உள்ள இந்தத் தலைமுறை வண்டி இன்னும் பதினைந்து வயதை எட்டவே இல்லை. என்ஜின் இரும்பு வேலை தாங்கும் என்று நம்புகிறேன். அந்த மின்சாமான்கள் நம் கடலோரக் காற்றிலும் ஈரத்திலும் பன்னிரண்டாவது வருடம் எப்படி இருக்கும் என்பதை விற்பவரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. சென்சார், பிளாஸ்டிக் குழாய், பம்ப் இவைதான் முதலில் போகும் என்பது என் ஊகம், ஏனென்றால் பத்து வயது தாண்டிய டர்போ வண்டிகளில் நான் மாற்றுவது பெரும்பாலும் இவற்றைத்தான். பிஸ்டனையோ கிராங்கையோ மாற்றியது குறைவு. அப்படியென்றால் பெரிய என்ஜின் எல்லாம் குறையற்றதா என்றால் அதுவும் இல்லை. உங்கள் என்ஜின் வகையிலேயே 2006 வாக்கு வரை வந்தவற்றில் பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம் தேய்ந்து, என்ஜினையே இறக்க வேண்டி வந்தது. உங்களுடையது அதற்குப் பின் வந்தது, தப்பித்தீர்கள்.

என்னைக் கேட்டால், நீங்கள் புதிதாக வாங்கி, முடிந்த அளவு நீட்டித்த வாரண்டியும் எடுத்து, மேலே சொன்ன ஃபில்டரையும் ஆயிலையும் நீங்களே கண்காணிப்பீர்கள் என்றால் 2 லிட்டரை வாங்குங்கள், பத்து வருடத்துக்குப் பயமில்லை. வண்டியை டிரைவரிடமும் ஆலை மேனேஜரிடமும் விட்டுவிட்டு சர்வீஸ் பில்லை மட்டும் பார்ப்பவர் என்றால் வேண்டாம். அப்படிப்பட்டவருக்கு இந்த ரக என்ஜின் ஒத்துவராது. கையில் பணம் தாராளமாக இருந்து, அந்த ஆறு சிலிண்டர் சுகம்தான் மனசில் நிற்கிறது என்றால் இ450-ஐ ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். அதுவும் டர்போதான், இதே கவனிப்பு அதற்கும் வேண்டும். ஆனால் வாரண்டி முடிந்த, சர்வீஸ் புத்தகம் இல்லாத 2 லிட்டர் டர்போ சொகுசுக் காரை விலை மலிவு என்று இரண்டாம் கையாக வாங்குவதை மட்டும் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். அந்த வண்டியின் முதல் ஐம்பதாயிரம் கிலோமீட்டரில் ஆயில் எப்படி மாற்றினார்கள் என்பது உள்ளே எழுதியிருக்கும், வெளியே தெரியாது.

இ280-ஐ விற்பதா என்றும் கேட்டிருந்தீர்கள். அது ஓடும் நிலையில் இருந்தால் உடனே தள்ளிவிட வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓட்டுவதானால் அடிக்கடி ஓட்டுங்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் டேங்க் பம்பையும் இந்த வருடமே ஒரு தடவை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது வண்டியை ஓட்டிப் பார்க்கப் போகும்போது ஷோரூம் வாசலைச் சுற்றி ஒரு ரவுண்டு என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் உள்ளவர்களையும் ஏற்றிக்கொண்டு, ஏசியை முழுதாக வைத்து, மத்தியான வெயிலில் போங்கள். ரோடு காலியாக உள்ள இடத்தில் அறுபதிலிருந்து நூறுக்கு ஒரு தடவை முழுசாக மிதித்துப் பாருங்கள், அப்போது கேட்கும் சத்தத்தோடு பத்து வருடம் வாழ முடியுமா என்று பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். திரும்பி வந்து நிறுத்தியதும் வண்டி நின்றதும் என்ஜினைத் தானாக நிறுத்தும் ஆட்டோ ஸ்டாப்பை அணைத்துவிட்டு, என்ஜின் ஓடும்போதே ஸ்டியரிங்கில் லேசாகக் கையை வைத்து ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பழைய வண்டியிலும் அன்றைக்குக் காலையிலேயே அதே மாதிரி செய்து பார்த்துவிட்டுப் போங்கள்.